காற்றுக்கும் ஒரு வழி

என் மைத்துனருக்குச் சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வீடு. அதைப் புதுப்பித்தபோது ஒரே பிடிவாதம்: குளியலறையின் நடுவில் ஒரு குளியல் தொட்டி. சுவரோடு ஒட்டி, டைல்ஸ் பதித்து மறைத்தது வேண்டாம். நாலு பக்கமும் சுற்றிவரும்படி தனியாக நிற்க வேண்டும். வேகவைத்த முட்டையை நீளவாக்கில் பிளந்து, மஞ்சளை எடுத்துவிட்டு வைத்ததுபோல வெள்ளை அக்ரிலிக் தொட்டி ஒன்று வந்து இறங்கியது. எங்கிருந்து தண்ணீர் வருகிறது, எங்கே போகிறது என்று பார்த்தால் தெரியாது. அதுதான் அழகு என்றார்.

முதல் நாள் குளித்து முடித்துப் பிளக்கைத் திறந்தார். தண்ணீர் தயங்கித் தயங்கி இறங்கியது. பக்கத்துக் குளியலறையின் வாஷ்பேசின், யாரும் தொடாமலே, ‘களக் களக்’ என்றது. மூலையில் இருக்கும் தரைச் சல்லடைக்குள்ளிருந்து பாயசத்தின் கடைசி வாயை உறிஞ்சுவதுபோல ஒரு சத்தம். மறுநாள் காலை வீடு முழுக்கச் சாக்கடை வாடை.

முதலில் வந்தவர் ஆசிட் ஊற்றிப் பார்த்தார். வாடையோடு ஆசிட் நெடியும் சேர்ந்துகொண்டது. அடுத்து வந்தவர் அறுபதைத் தாண்டிய பிளம்பர். கருவி எதையும் எடுக்கவில்லை. ஒரு முறை தொட்டியை நிரப்பித் திறக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்: “தண்ணி போற வழி சரியாத்தான் சார் இருக்கு. காத்து வர்ற வழிதான் எங்கயோ செத்துப்போச்சு.”

ஒரு குளியல் தொட்டியின் அறிவியல் முழுவதும் அந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது. தண்ணீருக்குக் கீழே போக யாரும் கற்றுத்தர வேண்டாம், புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். குழாய் வேலையில் கஷ்டமான பாதி, காற்றைச் சமாளிப்பது.

மதகும் கலிங்கும்

தொட்டிக்கு இரண்டு வாய்கள். அடியில் ஒன்று, தண்ணீரை வெளியே விட. மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே இன்னொன்று, அளவுக்கு மீறி நிரம்பாமல் காக்க. பிளம்பர்கள் முதலாவதை ‘வேஸ்ட்’ என்றும் இரண்டாவதை ‘ஓவர்ஃப்ளோ’ என்றும் சொல்வார்கள். ஏரி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. கரைக்குக் கீழே மதகு. கரை உடையாமல் உபரி நீரைத் தள்ளிவிடக் கலிங்கு. தெற்கே ‘குளம் மறுகால் பாயுது’ என்பார்கள். தொட்டியின் ஓவர்ஃப்ளோவும் மறுகால்தான்.

பிளக்கும் பழைய சங்கதிதான். பல்லவர், பாண்டியர் காலத்து ஏரிகளில் குமிழித்தூம்பு என்ற அமைப்பு உண்டு. தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கல், அதன் துளை வழியே இறங்கும் தண்டு, தண்டின் நுனியில் அடைப்பு. தண்டைத் தூக்கினால் அடியிலிருக்கும் வாய் திறக்கும். தண்ணீர் கரைக்கு அடியில் புகுந்து வயலுக்குப் போகும். பெயரிலேயே குமிழி இருக்கிறது. தண்ணீர் இறங்கும் இடத்தில் காற்றின் பேச்சு வராமல் இருக்காது.

தனித்து நிற்கும் தொட்டியில் இந்த இரண்டு வாய்களையும் இணைப்பதுதான் சிக்கல். சுவரோடு ஒட்டிய தொட்டியென்றால் ஓவர்ஃப்ளோ குழாயைப் பின்பக்கம் இறக்கி, சுவரில் ஒரு சின்னக் கதவு வைத்து மறைத்துவிடலாம். நாலு பக்கமும் தெரியும் தொட்டியில் மறைக்க இடம் எது? அதனால் அக்ரிலிக் தொட்டிகளுக்கு இரட்டைச் சுவர். உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையே ஒரு குழாய் இறங்கி, அடியில் வேஸ்ட்டோடு சேரும். சில வடிவங்களில் அந்த இடைவெளியிலேயே ஒரு வாய்க்கால் போல வார்த்துவிடுவார்கள். பழைய காலத்து வார்ப்பிரும்புத் தொட்டிகளில், சிங்கப்பாதக் கால் வைத்தவற்றில், பித்தளைக் குழாயை வெளியே தெரியும்படியே இறக்கி, அதையே நகையாக்கினார்கள்.

எந்த வடிவமானாலும் ஒரு விதி மாறாது. ஓவர்ஃப்ளோ, வேஸ்ட் இரண்டும் முதலில் ஒன்றாகச் சேர வேண்டும். பிறகுதான் ‘ட்ராப்’ என்னும் வளைகுழாய் வர வேண்டும். ஓவர்ஃப்ளோவை ட்ராப்புக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்த்தால், அந்த அழகான குரோமியத் துளை சாக்கடையின் சிம்னியாகிவிடும். இந்தக் கூட்டணியில் இன்னொரு லாபமும் உண்டு. பிளக் மூடியிருக்கும்போது அதற்கும் ட்ராப்பில் தேங்கிய தண்ணீருக்கும் நடுவே கொஞ்சம் காற்று அடைபட்டிருக்கும். பிளக்கைத் திறந்ததும் தண்ணீர் இறங்க, அந்தக் காற்று எங்காவது போக வேண்டும். ஓவர்ஃப்ளோ குழாய் அதற்கு வழிவிடுகிறது. இல்லாவிட்டால் காற்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வரும்.

ஓவர்ஃப்ளோ இருக்கிறதே என்று டேப்பைத் திறந்துவிட்டு டிவி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. அலங்கார மூடி போக அந்தத் துளையில் மிஞ்சும் திறப்பு 5 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். துளைக்கு மேல் 3 செ.மீ. தண்ணீர் நின்றால், நிமிடத்துக்குச் சுமார் 14 லிட்டர் வெளியேறும். டேப்பிலிருந்து நிமிடத்துக்கு 20 லிட்டர் கொட்டுகிறது என்றால், அவ்வளவும் வெளியேறத் தண்ணீர் 6 செ.மீ.க்கு மேல் ஏறி நிற்க வேண்டும். தொட்டியின் விளிம்பு துளையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது என்றால், மிச்சம் கீழ்வீட்டுக் கூரைக்குப் போகும். காரணம், வெளியேற்றம் உயரத்தின் வர்க்கமூலத்தைத்தான் பின்பற்றுகிறது. இரண்டு மடங்கு தண்ணீர் போக நாலு மடங்கு உயரம் வேண்டும். ஏரியின் கலிங்கை வெள்ளத்தை மனதில் வைத்துக் கட்டுகிறார்கள். தொட்டியின் கலிங்கு நம் மறதி முழுவதையும் தாங்கக் கட்டப்பட்டதல்ல.

ஆளும் கணக்கில் சேர்த்தி. தண்ணீர்ப் பரப்பு 0.9 சதுர மீட்டர் உள்ள தொட்டியில் 60 லிட்டர் அளவு உடம்பு அமிழ்ந்தால், நீர்மட்டம் கிட்டத்தட்ட 7 செ.மீ. ஏறும். ஆர்க்கிமிடீஸ் தொட்டியில் இறங்கியபோது கண்டது இதைத்தான். அவர் தொட்டியில் ஓவர்ஃப்ளோ இருந்திருந்தால், வழிந்த தண்ணீர் சத்தமில்லாமல் குழாய்க்குள் போயிருக்கும். தெருவில் ஓடும் கதை நமக்குக் கிடைத்திருக்காது.

தரைக்கு அடியில்

நம்மூர் குளியலறைகளின் கான்கிரீட் தளத்தை மற்ற அறைகளைவிடத் தாழ்த்திப் போடுவது வழக்கம். ‘சன்கன் ஸ்லாப்’ என்பார்கள். முக்கால் அடி, ஒரு அடி ஆழம் இருக்கும். நீர்க்கசிவுத் தடுப்புப் பூசி, குழாய்களைப் படுக்கவைத்து, செங்கல் ஜல்லியோ லேசான வேறு நிரப்பலோ போட்டு மூடி, மேலே டைல்ஸ். அந்தப் பள்ளத்துக்குள்தான் ட்ராப்பும் அதிலிருந்து சுவரோரச் செங்குத்துக் குழாய்க்குப் போகும் கிடைக்குழாயும் அடங்க வேண்டும்.

கிடைக்குழாய் என்று பேர்தானே தவிர, அது படுப்பதில்லை. மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு. கொத்தனார்கள் இதை ‘வாட்டம்’ என்பார்கள். அழகான சொல், பூ வாடினாலும் தரை வாடினாலும் தலை கொஞ்சம் கீழே சாய்கிறது. வாட்டம் குறைந்தால் சோப்பும் முடியும் குழாயில் தங்கும். சென்னை போர்வெல் தண்ணீரின் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத வெள்ளைப் பிசுக்காக மாறும். முடியைச் சுற்றி அது படியும்போது குழாயின் வாய் மெல்ல மெல்லச் சிறுக்கும். வாட்டம் கூடினாலும் ஆபத்து. அதற்குப் பிறகு வருகிறேன்.

தனித்தொட்டியின் உண்மையான சோதனை கடைசி ஒரு சாண் தூரத்தில். தரையிலிருந்து எழும் குழாயின் வாயும் தொட்டியின் அடிவாயும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். தொட்டியை இறக்கிய பிறகு அடியில் கைவிட இடமிருக்காது; கண்ணால் பார்க்கவும் முடியாது. அதனால் தேர்ந்த பிளம்பர் தொட்டியை இரண்டு தடவை வைப்பார். முதல் தடவை ஒத்திகை. இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க, ஒருவர் தரையில் படுத்து, இறங்கும் இடத்தைப் பென்சிலால் குறிப்பார். ரசமட்டம் வைத்துத் தொட்டியின் கால்களைத் திருகிச் சரிசெய்வார்கள். நம் குளியலறைத் தரை, சல்லடை இருக்கும் மூலையை நோக்கி வாடியிருக்கும். தொட்டி அப்படி வாடக்கூடாது. அதன் அடிவாய்க்கான சரிவு தொட்டிக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது. தொட்டி எதிர்ப்பக்கம் சாய்ந்தால் கடைசி இரண்டு குவளைத் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும்.

பிறகு தரையில் பதித்த இணைப்புக்குள் ரப்பர் வளையம் போட்டு, தொட்டியின் அடிக்குழாயை அதில் செருகுவது முறை. அளவு ஒன்றிரண்டு செ.மீ. தப்பினால், ‘வளையுற பைப் போட்டுக்கலாம் சார்’ என்பார்கள். யானைத் தும்பிக்கை போல மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் குழாய். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மடிப்பில் முடி சிக்கும் என்பது சின்னத் தொல்லை. அந்தக் குழாய் நடுவில் தொய்ந்தால், அந்தத் தொய்விலும் தண்ணீர் தேங்கும். அதாவது ஒரு ட்ராப் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. இரண்டு தண்ணீர் அடைப்புகளுக்கு நடுவே மாட்டிய காற்றுக்குப் போக்கிடம் இல்லை. அது ஒரு பஞ்சுத் தலையணைபோல அங்கேயே உட்கார்ந்து, வரும் தண்ணீரை எதிர்த்துத் தள்ளும். குழாயில் அடைப்பே இருக்காது, தண்ணீரும் இறங்காது.

எல்லாம் இணைத்த பிறகு ஒரு பரிசோதனை. தொட்டியை ஓவர்ஃப்ளோ வரை நிரப்பி, கொஞ்சம் வழியவிட்டு, பிறகு பிளக்கைத் திறப்பது. அடியில் இணைப்புகளைச் சுற்றி முன்கூட்டியே செய்தித்தாளைப் பரப்பியிருப்பார்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் தாளில் கருப்பு வட்டம் தெரியும். விரலுக்குத் தெரியாத கசிவு தாளுக்குத் தெரியும்.

சுழலின் நடுவில்

பிளக்கைத் திறந்ததும் தண்ணீர் என்ன வேகத்தில் ஓடும்? கலிலியோவின் கடைசி நாட்களில் அவருடன் இருந்த எவாஞ்சலிஸ்டா டாரிசெல்லி 1644-இல் இதற்கு விடை எழுதினார். துளையிலிருந்து பாயும் தண்ணீரின் வேகம், மேல்மட்டத்திலிருந்து அந்த உயரம் தானாக விழுந்திருந்தால் என்ன வேகம் பெற்றிருக்குமோ அதே வேகம். 40 செ.மீ. தண்ணீர் என்றால் நொடிக்கு 2.8 மீட்டர்; ஒரு சைக்கிளின் நிதான ஓட்டம். மட்டம் குறையக் குறைய வேகமும் குறையும். நேர்ச்சுவர் கொண்ட தொட்டியில் முதல் பாதி காலியாக மொத்த நேரத்தில் 29 சதவீதம் போதும். இரண்டாம் பாதிக்கு 71 சதவீதம் வேண்டும். கடைசித் தண்ணீர் போகாமல் அடம்பிடிப்பது நம் பொறுமையின்மையால் தோன்றும் பிரமையில்லை.

கடைசியில் சுழல் வரும். பூமியின் சுழற்சியால் வடபாதியில் ஒரு திசையிலும் தென்பாதியில் எதிர்த்திசையிலும் சுழலும் என்று படித்திருப்போம். 1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆஷர் ஷாபிரோ இதைச் சோதித்தார். ஆறடி விட்டமுள்ள வட்டத் தொட்டி, ஆறு அங்குலத் தண்ணீர், நடுவில் ஒரு அங்குலத்தில் பாதிகூட இல்லாத துளை. நிரப்பிய தண்ணீரை ஒரு நாள் முழுவதும் அசையாமல் வைத்திருந்து திறந்தார். வெகுநேரம் கழித்து, கடைசிக் கட்டத்தில்தான் சுழல் தெரிந்தது: கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். 1965-இல் சிட்னியில் இன்னொரு குழு இதே சோதனையைச் செய்து எதிர்ச்சுழலைக் கண்டது. ஆக, விளைவு உண்மை. ஆனால் நம் வீட்டுத் தொட்டியில், காலைத் தூக்கி வெளியே வைத்த அசைவே அதைவிடப் பல மடங்கு பெரிது. அதுவும் சென்னையின் அட்சரேகையில் பூமிச் சுழற்சியின் பங்கு, ஷாபிரோவின் ஊரில் இருப்பதில் மூன்றில் ஒன்றுதான்.

எந்தப் பக்கம் சுழன்றாலும் சுழலின் நடுவைப் பாருங்கள். அங்கே தண்ணீர் இல்லை. காற்றின் ஊசி ஒன்று துளைக்குள் இறங்குகிறது. தண்ணீர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு போக, நடுவழியைக் காற்று எடுத்துக்கொள்கிறது. கீழே, செங்குத்துக் குழாயிலும் இதே காட்சிதான். அதற்கு முன் ஒரு தண்ணீர்ச் சுவரைத் தாண்ட வேண்டும்.

இரண்டு இஞ்ச் சுவர்

ட்ராப் என்பது வளைந்த குழாய். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். புதிதாக வரும் தண்ணீர் பழையதைத் தள்ளிவிட்டுத் தான் நிற்கும். அந்தத் தண்ணீரைத் தாண்டிச் சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வர முடியாது. லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் கம்மிங் 1775-இல் கழிப்பறைக்கு இந்த வளைவைச் சேர்த்துக் காப்புரிமை வாங்கினார். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத கதவு. இருநூற்றைம்பது ஆண்டுகளாக அடிப்படை மாறவில்லை.

அந்தத் தண்ணீர்ச் சுவரின் ஆழம் வழக்கமாக 50 மி.மீ.; இரண்டு இஞ்ச். அது எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்று பார்த்தால் வயிற்றைக் கலக்கும். 50 மி.மீ. தண்ணீரின் அழுத்தம் சுமார் 490 பாஸ்கல். நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் இருநூறில் ஒரு பங்கு. குழாய்க்குள் காற்றழுத்தம் அரை சதவீதம் இறங்கினால் போதும், வளைவிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிடும். அதனால்தான் அமெரிக்கக் குழாய் விதிகள், ட்ராப் சந்திக்கும் அழுத்த வேறுபாடு ஒரு இஞ்ச் தண்ணீரின் அளவைத் தாண்டக்கூடாது என்கின்றன.

கம்மிங்கின் வளைவு ஆங்கில எஸ் எழுத்தின் வடிவம். வளைந்து மேலேறிய குழாய் உடனே செங்குத்தாக இறங்கிவிடும். இறங்கும் பக்கம் முழுதும் தண்ணீர் நிறைந்தால், மண்ணெண்ணெய் பேரலிலிருந்து ரப்பர் குழாயால் இழுப்பது போல, அது பின்னால் வரும் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும். வளைவு காலி. அதனால் அந்த வடிவத்தை இன்று அமெரிக்காவில் அனுமதிப்பதில்லை. பி வடிவம் வந்தது: வளைவுக்குப் பிறகு குழாய் கிட்டத்தட்டக் கிடையாகப் போய், காற்றோட்டமுள்ள செங்குத்துக் குழாயைச் சேரும்.

வாட்டம் கூடினால் ஆபத்து என்று சொன்னேனே, அது இங்கேதான். வளைவின் உதட்டிலிருந்து காற்றுக்குழாய் சேரும் இடம் வரை, கிடைக்குழாய் மொத்தமாக இறங்கும் ஆழம் அதன் விட்டத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால், குழாயின் மேல்விளிம்பு வளைவின் உதட்டுக்குக் கீழே போய்விடும், காற்று உதட்டை எட்டிப்பார்க்க முடியாது, உறிஞ்சல் தொடங்கும். 40 மி.மீ. குழாய், மீட்டருக்கு 20 மி.மீ. வாட்டம் என்றால் இரண்டு மீட்டருக்குமேல் போகக்கூடாது. சுவரோரத் தொட்டிக்கு இது பிரச்சினையே இல்லை. அறையின் நடுவில் அழகுக்காக நிறுத்திய தொட்டிக்குச் செங்குத்துக் குழாய் மூன்று மீட்டர் தூரத்தில் இருக்கும். என் மைத்துனர் வீட்டில் அப்படித்தான். அதற்காக அங்கே 75 மி.மீ. குழாய் போட்டிருந்தார்கள், அதற்கு 3.75 மீட்டர் வரை இடமுண்டு. ‘தண்ணி போற வழி சரியாத்தான் இருக்கு’ என்று பெரியவர் சொன்னது சும்மாயில்லை.

குளியல் தொட்டிக்கு இயற்கையாகவே ஒரு தற்காப்பு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வாஷ்பேசினின் அடி கிண்ணம் போல வளைந்தது. தண்ணீர் ஒரே மூச்சில் போய்ச் சட்டென்று முடியும். அந்த வேகத்தில் ட்ராப் தண்ணீரும் இழுபட்டுவிடலாம். தொட்டியின் அடியோ தட்டை. எல்லாம் போன பிறகும் ஒரு நிமிடத்துக்கு ஓரங்களிலிருந்து நூல்போலத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். வளைவு இழந்ததை அந்த நூல்தான் திரும்ப நிரப்புகிறது. இங்கிலாந்தின் கட்டட வழிகாட்டு விதிகள் வாஷ்பேசினுக்கு 75 மி.மீ. தண்ணீர்ச் சுவர் கேட்கும்போது, தொட்டிக்கு 50 மி.மீ. போதும் என்கின்றன. தொட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். அது கிளப்பும் காற்றில் பாதிக்கப்படுவது அக்கம்பக்கத்து ட்ராப்கள்தான்.

எண்ணெய் டின்னின் இரண்டாவது ஓட்டை

மளிகைக் கடையில் 15 லிட்டர் எண்ணெய் டின்னைத் திறப்பவர் ஒரு மூலையில் ஓட்டை போட்டதோடு நிற்கமாட்டார். எதிர்மூலையில் இன்னொன்று போடுவார். ஒரே ஓட்டை என்றால் எண்ணெய் ‘குபுக் குபுக்’ என்று திக்கும்: கொஞ்சம் எண்ணெய் வெளியே, கொஞ்சம் காற்று உள்ளே. இரண்டாவது ஓட்டை விழுந்ததும் எண்ணெய் பட்டு நூலாக இறங்கும். அடுக்குமாடிக் கட்டடத்தின் செங்குத்துக் குழாய்க்கும் அந்த இரண்டாவது ஓட்டை வேண்டும். அது மொட்டை மாடியில் இருக்கிறது: கூரையைத் தாண்டி நீட்டிக்கொண்டு, தலையில் துளைபோட்ட தொப்பியோடு நிற்கும் குழாய்.

குழாய்க்குள் தண்ணீர் எப்படி விழுகிறது? அருவிபோல நடுவில் கொட்டுவதில்லை. சுழலில் பார்த்தது போலவே, தண்ணீர் குழாயின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு உறையாக இறங்குகிறது. நடுவில் காற்றுத் தூண். சுவரின் உராய்வு அதைப் பிடித்து நிறுத்துவதால் ஒன்றிரண்டு மாடி இறங்குவதற்குள் வேகம் நொடிக்கு 3 முதல் 5 மீட்டரில் நிலைத்துவிடும். பத்தாம் மாடியிலிருந்து வந்தாலும் இருபதாம் மாடியிலிருந்து வந்தாலும் அதே வேகம்தான். குழாயின் குறுக்குவெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் ஏறாதபடிதான் அளவைத் தீர்மானிக்கிறார்கள். மீதி மூன்றில் இரண்டு பங்கு, காற்றுக்காகக் காசு கொடுத்து வாங்கிய இடம்.

ஓடும் தண்ணீர் காற்றையும் இழுத்துக்கொண்டே போகும். போன காற்றுக்கு ஈடாக மேலேயிருந்து புதுக்காற்று வர வேண்டும். மொட்டை மாடி வாய் திறந்திருந்தால் வரும். மூடியிருந்தால்? காற்று வேறு வழி தேடும். எந்த வீட்டில் எந்த ட்ராப் இளப்பமாக இருக்கிறதோ, அதன் தண்ணீரைத் துளைத்துக்கொண்டு குழாய்க்குள் நுழையும். அந்த ‘களக் களக்’, வாஷ்பேசின் வழியாகக் கட்டடம் மூச்சு வாங்கும் சத்தம். அந்தப் பாயசச் சத்தம், தரைச் சல்லடைக்குக் கீழிருக்கும் நானி ட்ராப் தன் கடைசித் தண்ணீரை இழந்த சத்தம். சுவர் போனது, வாடை வந்தது.

ஒரு குடியிருப்பு, 329 பேர்

வாடையோடு நின்றால் பரவாயில்லை. 2003 மார்ச்சில் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் குடியிருப்பில் சார்ஸ் நோய் திடீரென்று பரவியது. 33 மாடிக் கட்டடங்கள். அவற்றில் ‘ஈ’ கட்டடத்தில்தான் மிக அதிகம் பேருக்கு நோய். குடியிருப்பு முழுவதிலும் மொத்தம் 329 பேர் பாதிக்கப்பட்டார்கள். 42 பேர் இறந்தார்கள். நோயோடு வந்து தங்கிய ஒரு விருந்தாளிக்கு வயிற்றுப்போக்கு இருந்தது. அதே செங்குத்துக் குழாயில் இணைந்த மேல்மாடி, கீழ்மாடி வீடுகளில் நோய் வந்தது எப்படி?

ஏப்ரலில் சுகாதாரத் துறை வெளியிட்ட அறிக்கை, குளியலறைத் தரையின் ட்ராப்களைச் சுட்டியது. அந்த வீடுகளில் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், ஈரத்துணியால் துடைத்துவிடுவதே வழக்கம். தரை ட்ராப்களில் தண்ணீர் வற்றியிருந்தது. கதவை மூடி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும், அது அறையின் காற்றை வெளியே தள்ள, அந்த இடத்தை நிரப்பச் சாக்கடைக் குழாயிலிருந்து காற்றும் நுண்துளிகளும் வறண்ட ட்ராப் வழியே மேலே ஏறின. இரண்டு இஞ்ச் தண்ணீர் இருந்திருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும்.

நாம் குளியலறையில் தண்ணீர் வாரி ஊற்றிக் கழுவுகிறவர்கள். அந்தப் பழக்கமே ஒரு காப்பு. ஆனால் யாரும் புழங்காத விருந்தினர் குளியலறை, பூட்டிவிட்டு ஊருக்குப் போன வீடு, கோடை வெயில்: இவை சேர்ந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும். ஊரிலிருந்து திரும்பிக் கதவைத் திறந்ததும் வரும் அந்த வாடையையும், கூடவே வரும் கரப்பான்களையும் எல்லோருக்கும் தெரியும். அடைப்பு என்று ஆசிட் ஊற்றுவார்கள். அதற்கு மருந்து ஒரு சொம்புத் தண்ணீர்.

மொட்டை மாடி

பெரியவர் எங்களை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். தண்ணீர்த் தொட்டிகளுக்கு அப்பால், கைப்பிடிச் சுவரோரம், இடுப்புயரத்தில் அந்தக் குழாய் நின்றது. அதன் தலையில் ஒரு பாலிதீன் பை. பிளாஸ்டிக் கயிற்றால் மூன்று சுற்றுச் சுற்றி, நல்ல முடிச்சு. பக்கத்தில் வெள்ளை வேட்டி விரித்து, அதில் வரிசை வரிசையாக ஜவ்வரிசி வடாம் காய்ந்துகொண்டிருந்தது.

மேல்வீட்டு அம்மா வந்தார். “வடாம் போடற இடத்துல ஒரே நாத்தம்னுதான் கட்டினேன். நாத்தம் நின்னுபோச்சே?” என்றார்.

“நிக்கலம்மா, கீழ்வீட்டுக்கு எறங்கிருச்சு” என்றார் பெரியவர்.

அந்த அம்மா செய்ததில் தர்க்கம் இருக்கிறது. குழாயிலிருந்து வாடை வெளியே வருவதைத்தான் அவர் பார்த்தார். அதே வாய் காற்றை உள்ளேயும் இழுக்கிறது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. கீழே மூன்றாம் மாடியில் யாரோ பிளக்கைத் திறக்கும் நொடியில்தான் அது நடக்கும்.

பெரியவர் கயிற்றை அறுத்தார். குழாயைத் தலைக்கு மேல் உயரும்படி ஒரு துண்டு ஒட்டி நீட்டி, கொசு போகாத வலைத்தொப்பி மாட்டினார். வலையில் தூசி படியும், வருஷத்துக்கு ஒரு முறை தட்டிவிடுங்கள் என்றார். வடாம் எதிர்மூலைக்கு மாறியது. கீழே போய் எல்லா ட்ராப்களிலும் தண்ணீர் ஊற்றிவிட்டு, தொட்டியை நிரப்பித் திறந்தோம். தண்ணீர் தயங்காமல் இறங்கியது. வாஷ்பேசின் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் நடுவில் காற்றின் ஊசி மட்டும் ஒரு சின்னச் சத்தத்தோடு உள்ளே போனது.

மைத்துனர் அந்தத் தொட்டியில் இதுவரை நாலைந்து தடவை குளித்திருப்பார். நிரப்ப 200 லிட்டர். லாரித் தண்ணீர் வரும் மாதங்களில் மனசு வருமா? மற்ற நாட்களில் துவைத்த துணிக்கூடை அதில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் வீடு கழுவும்போது, என் மாமியார் துணிக்கூடையை நகர்த்திவிட்டு, தொட்டியின் அடிவாயில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுகிறார். “எதுக்கு அத்தை?” என்று கேட்டேன்.

“அந்தப் பெரியவர் சொல்லிட்டுப் போனாரு” என்றார். “வாய் காயக்கூடாதாம்.”